துக்கச் செய்தியை யார் சொல்வது? சிறைகளில் சமயத் துணை குறித்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் நெருங்கினால் மத்திய சிறைகளில் சிறப்பு வழிபாடு நடந்தது, சிறைவாசிகளுக்கு இனிப்பு வழங்கப்பட்டது என்று எல்லா நாளிதழ்களிலும் படத்துடன் செய்தி வருகிறது. வரட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் தேவைப்படும் நேரமும் இந்த நிகழ்ச்சிகள் நடக்கும் நேரமும் ஒத்துப்போவதே இல்லை. சிறைகளில் தன்னார்வலராகத் துணைப்பணி செய்யும் பல சமயத்தவரும், சமய நம்பிக்கை இல்லாத சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என ஒவ்வொரு மத்திய சிறையிலும் அரசுச் சம்பளத்தில் முழுநேரச் சமயத் துணையாளர், அதாவது துயர நேரத்தில் சிறைவாசியின் பக்கத்தில் இருந்து ஆறுதல் தருபவர், ஒருவராவது நியமிக்கப்பட வேண்டும். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். மேடை ஏறிப் பேசுவது அவர் வேலையாக இருக்கக் கூடாது.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறோம். ரிமாண்ட் ஆனவர் பெரும்பாலும் மாலைக்கு மேல்தான் சிறை வாசலுக்கு வந்து சேர்கிறார். மருத்துவச் சோதனை, மாஜிஸ்திரேட் முன் ஆஜர், வழிக்காவலுக்கு ஆள், வண்டி என்று எல்லாம் அமைவதற்குள் இருட்டிவிடும். பிறகு அட்மிஷன் பதிவு, அங்க அடையாளக் குறிப்பு, உடல் சோதனை. இடுப்புக் கயிறும் கைக்கயிறும் போய்விடும். அப்படியே கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். நல அலுவலரும் உளவியலாளரும் அதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். எங்களைப் போன்ற தன்னார்வலர்களை உள்ளே விடுவது காலையில், மதியச் சாப்பாட்டுக்கு முன். முதன்முறை சிறையைப் பார்ப்பவருக்குக் கண்டம் முதல் இரவும் முதல் வாரமும்தான். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர். அவர்களில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். முதன்முறை வருபவர்களுக்கு ஆலோசகர்களையும் துணை நிற்பவர்களையும் நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

முதல் இரவைப் போலவே ஆபத்தான இன்னும் சில நேரங்களைச் சிறையில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். ஒன்று, ஜாமீன் மறுக்கப்பட்ட நாள். முன்பெல்லாம் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவார்கள், அங்கே வக்கீல் இருப்பார், மனைவியோ அண்ணனோ தூரத்திலாவது நிற்பார்கள். இப்போது காணொலி அறையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, திரையில் என்ன பேசினார்கள் என்பது பாதி புரியாமல், எழுந்து தான் அடைக்கப்பட்டிருக்கும் பிளாக்குக்குத் திரும்புகிறார். அடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார வரிசையில் நிற்கிறார். இன்னொன்று, வாரம் தவறாமல் மனு பார்க்க (சிறைவாசியை நேரில் சந்திப்பதை இப்படித்தான் சொல்வார்கள்) வந்த வீட்டார் வராமல் நின்றுபோகும் காலம். எல்லாவற்றையும் விடக் கடினமானது, வெளியே ஒரு சாவு நேர்ந்த நாள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறைவாசியின் தாயோ தந்தையோ இறந்த செய்தி இப்போது மூன்று வழிகளில் வருகிறது. உறவினர் வாசலுக்கு வந்து சொல்லலாம், சிறைத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசும்போது அழுகுரலாகக் கேட்கலாம், புதிதாக உள்ளே வந்த அதே ஊர்க்காரர் “உங்கப்பா போயிட்டாராமே” என்று வரிசையில் நிற்கும்போது போட்டு உடைக்கலாம். மூன்றுமே தவறான வழிகள். விடுப்பு வாங்குவதற்காகப் பொய்ச் செய்தி வருவதும் உண்டு. அதனால் அதிகாரிகள் முதலில் சந்தேகப்படுவார்கள், அதைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகம் தீரும்வரை அவரிடம் எதுவும் சொல்லாமல் வைத்திருப்பதும், தீர்ந்தபின் லாக்கப் நேரத்தில், அதாவது மாலையில் செல்லில் அடைத்துப் பூட்டும் நேரத்தில், கம்பிக்கு வெளியே நின்றபடி சொல்லிவிட்டுப் போவதும்தான் கேடு.

முறை இதுதான். செய்தி வந்ததும் குடும்பத்தில் ஒருவரிடமும், ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ ஒருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இறந்தவர் யார், எப்படி, எப்போது, அடக்கம் எந்த நாள் எந்த நேரம், இந்த நான்கும் தெரியாமல் அவர் முன் போய் உட்காரக் கூடாது. முதல் ஐந்து நிமிடத்தில் அவர் கேட்கும் கேள்விகள் இவையே. தனி அறையில், உட்கார வைத்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உங்க அம்மா இறந்துட்டாங்க” என்று நேராகச் சொல்ல வேண்டும். “உடம்பு சரியில்லை”, “மனசைத் திடப்படுத்திக்கோங்க” என்று சுற்றி வளைத்தால், உண்மை தெரிந்த பிறகு சொன்னவரையே நம்பமாட்டார். கூடுமானவரை முற்பகலில் சொல்ல வேண்டும், அப்போதுதான் அழ, பேச, வீட்டுக்கு ஒரு போன் பேச லாக்கப்புக்கு முன் நேரம் கிடைக்கும். அன்றிரவு தனிச் செல் கூடாது. அவருக்குப் பழக்கமான இருவரோடு இருக்க வைத்து, இரவுப் பணிக் காவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னது பணி மாறும்போது காணாமல் போய்விடும்.

தண்டனைக் கைதிக்கு 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசர விடுப்பு உண்டு. விசாரணைக் கைதிக்கு அது கிடையாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். இஸ்லாமியக் குடும்பங்களில் அன்றே, மிஞ்சினால் மறுநாள் அடக்கிவிடுவார்கள். அப்படித் தவறிப்போனால் வக்கீலிடம் சொல்லிப் பதினாறாம் நாள் காரியத்துக்கோ, நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கோ, முப்பதாம் நாள் திருப்பலிக்கோ உடனே மனு போடச் செய்யலாம், அதற்கு நாள் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இது தோன்றாது. பக்கத்தில் ஒருவர் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் உள்ளேயே செய்யலாம். தலைமுழுக்கு, சிறைச் சவரத் தொழிலாளி கையால் மொட்டை, ஒரு பிடி பச்சரிசி, ஒரு கரண்டி எள், ஒரு வாழை இலை. எள்ளும் தண்ணீரும் இறைக்க நெருப்பு தேவையில்லை, ஆகவே பாதுகாப்புக்கும் இடைஞ்சலில்லை. கண்காணிப்பாளரின் ஒரு கையெழுத்தும் குழாயடியில் அரை மணி நேரமும் போதும். மூத்த மகனாகப் பிறந்து கொள்ளி வைக்க முடியாமல் போனவருக்கு அந்த அரை மணி நேரம் என்னவென்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள்? மனமுள்ள ஜெயிலர் இருந்தால் அவர் செய்கிறார். நல அலுவலருக்கு நேரமிருந்தால் அவர் செய்கிறார். கடமைப் பட்டியலில் எழுதப்பட்ட ஆள் என்று எவருமில்லை.

உலகில் இல்லாததை நாங்கள் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி ஒவ்வொரு சிறையிலும் சேப்ளின் எனப்படும் சமயத் துணையாளர் இருந்தாக வேண்டும். சட்டம் குறிப்பிட்டது இங்கிலாந்து திருச்சபைக் குருவை மட்டும்தான் என்றாலும், இன்று அங்கே கத்தோலிக்கர், இமாம், இந்து, சீக்கியர், பௌத்தர், யூதர் எல்லோரும் ஒரே குழுவாக வேலை பார்க்கிறார்கள். குழுவுக்கு இமாம் தலைமை தாங்கும் சிறைகளும் உண்டு. புதிதாக வந்தவரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தனியே சந்திப்பது, நோயுற்றோரையும் தனிமைச் சிறையில் இருப்போரையும் தினமும் பார்ப்பது, விடுதலைக்குச் சற்று முன் மீண்டும் சந்திப்பது ஆகியவை 1999ஆம் ஆண்டுச் சிறை விதிகளிலேயே சேப்ளினின் கடமைகளாக எழுதப்பட்டுள்ளன. இந்த அன்றாட வேலையை அன்று பணியில் இருப்பவர், தன் சமயம் எதுவானாலும், எல்லோருக்குமாகச் செய்கிறார். தொழுகை, திருப்பலி, பூசைக்கு மட்டும் அந்தந்தச் சமயத்தவர் வருவார்.

மதச்சார்பற்ற அரசு இதற்குச் சம்பளம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம் ராணுவமே பதில். பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சீக்கிய கிரந்தி ஆகியோரை இளநிலை அதிகாரி நிலையில் சமய ஆசிரியர்களாக ராணுவம் நியமிக்கிறது, புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் அவர்களுக்குப் பயிற்சி தருகிறது. பல சமயத்தவர் கலந்த படைப்பிரிவுகளில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வழிபாட்டு இடம் இருக்கிறது. எல்லையில் நிற்பவருக்குச் சரியென்றால் கம்பிக்குள் இருப்பவருக்கும் சரிதான்.

ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 65ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரே சமயத்தைச் சேர்ந்த சிறைவாசிகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் தகுதியுள்ள பிரதிநிதி வேண்டும், அவர் சிறைவாசியைத் தனிமையில் சந்திக்கலாம், எவரையும் அப்படிச் சந்திப்பதைத் தடுக்கக் கூடாது. சிறைவாசி வேண்டாம் என்றால் அந்த விருப்பத்தையும் முழுமையாக மதிக்க வேண்டும். தனிமையில் என்ற நிபந்தனைதான் நம் சிறைகளில் நிறைவேறுவதில்லை. காவலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யச் சொல்கிறோம். வக்கீல் சந்திப்புக்கு உள்ள அதே ஏற்பாடு, அதாவது காவலர் கண்பார்வையில் இருக்கட்டும், காதில் விழாத தூரத்தில் இருக்கட்டும் என்பது இதற்கும் பொருந்தும். கண்ணாடி பதித்த கதவுள்ள ஓர் அறை போதும்.

தனிமை கிடைத்தாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிறைவாசிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். வக்கீலிடம் சொன்னதற்கும் கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கும் நம் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குருக்களிடமோ இமாமிடமோ பாதிரியாரிடமோ சொன்னதற்கு அத்தகைய தனிப் பாதுகாப்பு 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை, அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. ஆகவே முதல் சந்திப்பில் வணக்கம் சொன்ன கையோடு, “கேஸ் விவரம் எங்கிட்ட சொல்ல வேண்டாம், அது வக்கீலுக்கு” என்று சொல்லிவிட வேண்டும். பயிற்சியில்லாத தன்னார்வலர்கள் இதற்கு நேர்மாறாக, “என்ன தப்பு பண்ணினே, மனம் திறந்து சொல்லு” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

தன்னார்வலர்கள் செய்யும் மற்றத் தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. படம் எடுப்பது முதல் தவறு. அடையாள அணிவகுப்பு நடக்காத விசாரணைக் கைதியின் முகம் நாளிதழில் வந்துவிட்டால், சாட்சி அதைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினார் என்ற வாதம் கிளம்பி வழக்கே கோணலாகும். அடுத்தது, “ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிடுங்க” என்ற வேண்டுகோளுக்கு இணங்குவது. அந்த ஒரு போன் மனைவிக்குப் போகலாம், சாட்சிக்கும் போகலாம். நல அலுவலர் வழியாகவே எதுவும் போக வேண்டும். இன்னொன்று, “நல்லா நடந்துக்கோ, சீக்கிரம் விட்டுடுவாங்க” என்று யாருக்கும் அதிகாரமில்லாத வாக்கைக் கொடுப்பது. கூட்டம் கூட்டினால் கூடத்துக்கு அனுப்பப்படுபவர்களும் எப்போதும் அதே வெள்ளைச் சட்டை நன்னடத்தைக் கைதிகள்தான். தனிச் செல்லில் இருப்பவரை எந்த வழிபாட்டிலும் பார்த்ததில்லை.

யாருக்கு எந்தச் சமயம் என்பதை அறிவதிலேயே கோளாறு தொடங்குகிறது. அட்மிஷன் பதிவேட்டில் மதம் என்ற கட்டத்தைப் பெரும்பாலும் பெயரைப் பார்த்தே நிரப்பிவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதால், சான்றிதழில் இந்து என்றும் ஞாயிறுதோறும் தேவாலயத்திலும் வாழ்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அப்படியொரு குடும்பத்துக்காரர் உள்ளே வந்து ஜெபத்துக்குப் போகக் கேட்டால், பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள். வற்புறுத்தினால் மதமாற்றம் என்று ஒரு விசாரணையும் வரும். “எந்த வழிபாட்டில் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள், அல்லது எதிலும் வேண்டாமா” என்று நேராகக் கேட்டு, பதிலை மதக் கட்டத்தோடு சேர்க்காமல் தனியே எழுதினால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும். சாதிக் கட்டத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டுவிட்டது. பாளையங்கோட்டையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததையும் அதே தீர்ப்பு ஏற்கவில்லை. படிவத்தைத் திருத்தும்போது இந்த ஒரு வரியையும் சேர்ப்பது பெரிய வேலையல்ல.

மதமாற்ற அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சம் முழுக்கக் கற்பனையல்ல. சோர்ந்துபோனவரிடம் சோப்பும் பேஸ்ட்டும் கொடுத்துத் துண்டறிக்கையையும் கூடவே கொடுப்பவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். அதற்கு மருந்து வாசலை அடைப்பதல்ல. சம்பளம் வாங்கும், கேள்வி கேட்கப்படக்கூடிய ஒருவர் உள்ளே இருந்தால், வெளியிலிருந்து வருகிற குழுக்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க அவரே இருப்பார். பொருள் எதுவானாலும் நல அலுவலர் கையால், சமயம் பாராமல் தேவை பார்த்துப் போகட்டும்.

நுழைவு வாயில் சோதனையும் ஒழுங்குபட வேண்டும். கற்பூரமும் தீப்பெட்டியும் கூடாதென்பது நியாயம். கெட்டி அட்டைப் புத்தகமும் கூடாது, அட்டைக்குள் என்னவும் ஒளியும். மென் அட்டையில் வரட்டும். (பைபிளின் மெல்லிய தாள் பீடி சுற்ற உதவுகிறது என்பது எந்தச் சிறையிலும் ரகசியமில்லை, அதற்காகப் பைபிளைத் தடுக்க முடியுமா?) குர்ஆனைச் சோதிக்க வேண்டுமானால் அதை வைத்திருப்பவரே கை கழுவிவிட்டு ஏடு ஏடாகப் புரட்டிக் காட்டட்டும், காவலர் பார்க்கட்டும். மோப்ப நாய் தேவையில்லை. தற்கொலைக் கண்காணிப்பில் இருப்பவருக்கு ருத்திராட்ச மாலை, ஜெபமாலை, தஸ்பீஹ் மணிக்கயிறு எதுவும் கூடாது. விரல் கணுக்களில் எண்ணச் சொல்லித்தர ஆள் இருந்தால் அவர் மனம் நோகாது. இருமுடிக்கு மாலை போட விரும்பும் தண்டனைக் கைதிக்குக் கறுப்பு வேட்டி தர முடியாவிட்டாலும், சைவச் சாப்பாடும் இரு வேளைக் குளியலும் தரலாம்.

ரம்ஜானில் வருவது கடிகாரச் சிக்கல். மார்ச் மாதம் சென்னையில் சூரியன் மறைய ஆறே கால் ஆகும். லாக்கப் ஆறு மணி வாக்கிலேயே முடிந்துவிடும். ஆகவே நோன்பு திறப்பது செல்லுக்குள்தான். மாலை ஐந்து மணிக்குத் தட்டில் ஊற்றிய நோன்புக் கஞ்சி ஆறே காலுக்குள் களியாக இறுகியிருக்கும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் லாக்கப்புக்கு முன், கஞ்சி மூடியுள்ள வாளியில் பிளாக்குக்கு ஒன்றாக, சரியாக ஆறு மணிக்கு என்று மாற்றினால் செலவு ஏறாது. விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டை முந்தின மாலையே கொடுத்துவிட்டால் விடியற்காலைக்குள் சோறு ஊசிவிடும். சமையல் கூடத்தில் மூன்று மணிக்கு எழ இரண்டு பேரை ஒரு மாதத்துக்கு மாற்றுப் பணியில் போட வேண்டும், வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை, கைதிகளை எண்ணும் மதிய நேரத்தோடு மோதுவதையும் அரை மணி நேரம் தள்ளிச் சரிசெய்யலாம்.

பெண்கள் தனிச் சிறைகளில் நிலைமை வேறு. அங்கே குடும்பமே கைவிட்டவர்கள் அதிகம், மனு பார்க்க ஆள் வருவது குறைவு, ஆகவே துணையாளரின் நேரம் அங்கே இன்னும் கூடுதலாகத் தேவை. ஆறு வயது வரை குழந்தைகள் தாயோடு இருக்கிறார்கள். சிறையில் பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்குக்கு வசதி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லியிருக்கிறது. அரைப் படி அரிசி, ஒரு தட்டு, குழந்தையின் காதில் பெயர் சொல்ல ஒரு பெரியவர். எத்தனை இடத்தில் நடக்கிறது?

சமய நம்பிக்கையே இல்லாதவருக்கும் இந்தத் துணை உரியது. பெரியார் பிறந்த மாநிலத்தில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வினோதம். அப்பா இறந்தால் அவருக்கும் அதே துக்கம், ஜாமீன் மறுத்தால் அதே இரவு. மந்திரமும் ஜெபமும் இல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவரைத்தான் இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் வேறு சமயத்தவரோடும் சமயமற்றவரோடும் பேசுவதை நேர்முகத் தேர்வில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள்.

கடைசியாக, பணி நேரம். இந்தப் பதவியை உருவாக்கிவிட்டுக் காலை 10 முதல் மாலை 5.45 வரை என்று அலுவலக நேரத்தை எழுதிவிட்டால் பயன் பாதிதான். மதியம் 12 முதல் இரவு 8 வரை இருக்கட்டும். காணொலி விசாரணை முடிந்து திரும்புபவரையும், வழிக்காவல் வண்டியில் புதிதாக வந்து இறங்குபவரையும் அப்போதுதான் பார்க்க முடியும். முற்பகலில் சாவுச் செய்தி வந்தால் முன்கூட்டியே வர அழைக்கலாம். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாயோ புதனோ கொடுக்கலாம். அவர் இல்லாத நாளில் அந்தக் கடமைப் பட்டியல் யார் கையில் என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தமிழகச் சிறைகளில் பல சமயத் துணைப்பணியில் உள்ள தன்னார்வலர்கள் சிலர்